அடுத்த ஷாட் உங்களுடையது இல்லை

ஹாஸ்டல் காமன் ரூமில் கேரம் டபுள்ஸ் ஒரு தடவையாவது ஆடியிருப்பீங்க. பார்ட்னர் எதிரே உட்கார்ந்திருப்பான். நீங்க ஒரு காயைப் போட்டால் ஸ்ட்ரைக்கர் மறுபடியும் உங்க கைக்கே வரும். தப்பும் வரைக்கும் உங்க ராஜ்ஜியம்தான். பார்ட்னர் நடுநடுவே "டேய், அதை விடுடா, இதை அடி" என்று கத்துவான். நாம் கேட்கவே மாட்டோம்.

இப்போது ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றிப் பாருங்க. நீங்க காயைப் போட்டால் அடுத்த அடி உங்களுக்குக் கிடையாது, பார்ட்னருக்கு. அவன் போட்டால் அடுத்தது உங்களுக்கு. இப்படி மாறி மாறி.

விளையாட்டே வேறு ஆகிவிடும். இதுவரை "காய் விழுந்ததா?" என்பது மட்டும்தான் கேள்வி. இனிமேல் "காய் விழுந்த பிறகு போர்டு எப்படி இருக்கு? அவனால் அடிக்க முடியுமா?" என்றும் யோசிக்க வேண்டும்.

இந்தக் கட்டுரை அந்த வேறு விளையாட்டைப் பற்றியது. பூல் டேபிளில் ஆடும் 9-பால், ஆண்கள் இரட்டையர். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கப் பதக்கம் கொடுத்த ஆட்டம். கொஞ்சம் விதிகள், கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் முதலாமாண்டு இயற்பியல், கொஞ்சம் நிகழ்தகவு. கடைசியில் என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் கதை ஒன்றும் வரும். உண்மையைச் சொன்னால், அந்தக் கதையால்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

முன்கூட்டியே ஒரு விஷயம். நான் எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில மீடியம். 'உந்தம்' என்ற வார்த்தையைப் போன வாரம்தான் கற்றுக்கொண்டேன். அதனால் டேபிள், குஷன், பாக்கெட் என்றெல்லாம் அப்படியே எழுதியிருக்கிறேன். கோபப்படாதீங்க.

1. முதலில் விதிகள்

ஸ்னூக்கரையும் பூலையும் போட்டுக் குழப்பிக்க வேண்டாம். ஸ்னூக்கர் டேபிள் 12 அடி, பந்துகள் சின்னவை. அந்த ஆட்டம் 1875-ல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் நடுவே தோன்றியது, விதிகள் ஊட்டி கிளப்பில் ஒழுங்குபடுத்தப்பட்டன என்று சொல்வார்கள். பூல் டேபிள் 9 அடி. விளையாடும் பரப்பு 100 அங்குலத்துக்கு 50 அங்குலம். பந்தின் விட்டம் 57 மி.மீ. சொச்சம், அதாவது 2.25 அங்குலம்.

9-பாலில் 1 முதல் 9 வரை எண் போட்ட பந்துகள், கூடவே ஒரு வெள்ளைப் பந்து. பந்துகளை டைமண்ட் வடிவத்தில் அடுக்குவார்கள். 1 முன்னால் நிற்கும், 9 நட்டநடுவில். யாராவது ஒருத்தர் பலமாக அடித்து உடைப்பார். அதற்குப் பெயர் பிரேக்.

அதற்குப் பிறகு முக்கியமான விதி ஒன்றே ஒன்றுதான்: வெள்ளைப் பந்து முதலில் தொடுவது, டேபிளில் இருப்பதிலேயே சின்ன எண் பந்தாக இருக்க வேண்டும். அதைத் தொட்ட பிறகு எந்தப் பந்து விழுந்தாலும் சரி, ஆட்டம் தொடரலாம். 9-ஐ யார் ஒழுங்கான முறையில் போடுகிறார்களோ அவர்களுக்கு அந்த ரேக். முதல் எட்டுப் பந்தை நீங்க போட்டு, கடைசி 9-ஐ எதிராளி போட்டால் ரேக் அவருக்குத்தான். அநியாயம் மாதிரி இருக்கும், ஆனால் விதி அப்படித்தான்.

ஃபவுல் செய்தால் எதிரணிக்கு 'பால் இன் ஹேண்ட்'. வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து டேபிளில் எங்கே வேண்டுமானாலும் வைத்து அடிக்கலாம். பெரிய ஆட்டக்காரர்களிடம் இதைக் கொடுத்தால் பெரும்பாலும் அந்த ரேக் போச்சு.

இரட்டையரில் இன்று உலக அளவில் நன்றாகத் தெரிந்த முறை, நான் மேலே சொன்ன மாறி மாறி அடிக்கும் முறைதான். 2006-ல் தொடங்கிய வேர்ல்ட் கப் ஆஃப் பூல் போட்டியில் நாட்டுக்கு இரண்டு பேர் சேர்ந்து இப்படித்தான் ஆடினார்கள். முதல் ஆண்டே பிலிப்பைன்ஸின் எஃப்ரேன் ரேயெஸ், ஃபிரான்சிஸ்கோ புஸ்தமாந்தே ஜோடி ஜெயித்தது. 2009-ல் மறுபடியும் அதே ஜோடி. இந்தப் பாடத்தில் வரும் கணக்கெல்லாம் இந்த மாறி மாறி முறையை வைத்துத்தான்.

2. பாங்காக், 1998

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் கியூ ஸ்போர்ட்ஸ், அதாவது பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் எல்லாம் சேர்ந்த குடும்பம், முதன்முதலாக உள்ளே வந்தது 1998 டிசம்பரில், பாங்காக்கில். இந்தியாவுக்கும் அது நல்ல அறிமுகம். ஆங்கில பில்லியர்ட்ஸ் இரட்டையரில் அசோக் சாண்டில்யா, கீத் சேத்தி ஜோடி தங்கம் வாங்கியது.

அதே பாங்காக்கில் ஆண்கள் 9-பால் இரட்டையர் தங்கம் பிலிப்பைன்ஸுக்கு. ஆடியவர்கள் ரோமியோ வில்லனுவேவா, காண்டி வாலே.

இதில் என்ன விசேஷம் என்றால், அந்த முழுப் போட்டியிலும் பிலிப்பைன்ஸ் வென்ற ஒரே தங்கம் அதுதான். கொஞ்சம் யோசித்துப் பாருங்க. ஒரு நாடு தடகளம், குத்துச்சண்டை, நீச்சல் என்று எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்புகிறது. கடைசியில் நாட்டின் தேசிய கீதம் ஒரே ஒரு தடவை ஒலிக்கிறது. அதுவும் இரண்டு பேர் ஒரு பச்சைத் துணி டேபிளைச் சுற்றி நடந்து ஜெயித்த ஆட்டத்துக்காக. தனியாக ஆடும் மேதைகளுக்குப் பேர்போன நாடு அது. அந்த ஒரு தங்கம் வந்தது ஜோடியாக.

3. வெள்ளைப் பந்து எங்கே போகும்?

சரி, இயற்பியல். பயப்படாதீங்க, பத்து வரிதான்.

எல்லாப் பந்தும் கிட்டத்தட்ட ஒரே எடை. வெள்ளைப் பந்து சுழற்சி இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து, நிற்கும் ஒரு பந்தைப் பக்கவாட்டில் இடிக்கிறது. உந்தம் மாறாது. அதனால் மோதலுக்கு முந்தைய திசைவேகம், பிந்தைய இரண்டு திசைவேகங்களின் வெக்டர் கூட்டல். ஆற்றல் வீணாகவில்லை என்று எடுத்துக்கொண்டால், முந்தைய வேகத்தின் வர்க்கம், பிந்தைய இரண்டு வேகங்களின் வர்க்கங்களின் கூட்டல்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. மூன்று பக்கங்கள் சேர்ந்து ஒரு முக்கோணம். ஒரு பக்கத்தின் வர்க்கம் மற்ற இரண்டின் வர்க்கக் கூட்டல். பித்தகோரஸ்! அப்படியென்றால் மோதிய பிறகு இரண்டு பந்தும் 90 டிகிரி விலகிப் போகும்.

இதை ஆட்டக்காரர்கள் டேஞ்சென்ட் லைன் என்பார்கள். வெள்ளையில் மேல்பக்கம் அடித்து முன்சுழற்சி கொடுத்தால் அந்தக் கோட்டிலிருந்து முன்னால் வளையும். கீழ்பக்கம் அடித்துப் பின்சுழற்சி கொடுத்தால் பின்னால் வளையும். வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் எவ்வளவு தூரம் என்பதும் மாறும். ஆக, பந்தைப் பாக்கெட்டில் போடுவதோடு வெள்ளைப் பந்து எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதையும் நீங்க தீர்மானிக்கலாம். அதற்குப் பெயர் பொசிஷன்.

தனியாக ஆடும்போது பொசிஷன் என்பது உங்களுக்கு நீங்களே எழுதிக்கொள்ளும் குறிப்பு மாதிரி. கையெழுத்து கோணலாக இருந்தாலும் உங்களுக்குப் புரியும். இரட்டையரில் அந்தக் குறிப்பை இன்னொருத்தர் படிக்க வேண்டும்.

4. ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு

"கொஞ்சம் தள்ளி நின்றால் என்ன, பார்ட்னர் நல்ல ஆட்டக்காரர்தானே, அடிச்சுக்குவார்" என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மூலை பாக்கெட்டின் வாய் சுமார் 4.5 அங்குலம். பந்து 2.25 அங்குலம். சரியாக இரண்டு மடங்கு. நேராக வரும் பந்துக்கு இரு பக்கமும் சுமார் 28 மி.மீ. இடைவெளி. (பாக்கெட்டின் ஓரத்தில் பட்டு வெளியே துள்ளுவதை இங்கே கணக்கில் எடுக்கவில்லை.) பந்து பாக்கெட்டிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால் அந்தப் பந்தின் திசையில் சுமார் 1.6 டிகிரி வரை தப்பு செய்யலாம். பரவாயில்லையே என்று இருக்கும்.

ஆனால் நீங்க அந்தப் பந்தை நேரடியாக அடிக்கவில்லை. வெள்ளையை அடிக்கிறீங்க, வெள்ளை போய் அதை அடிக்கிறது. இரண்டு வட்டப் பந்து மோதும்போது சின்னத் தப்பு பெரிதாகும். நேரான ஷாட்டில் எத்தனை மடங்கு பெரிதாகும் என்பதற்கு ஒரு எளிய சூத்திரம்: இரண்டு பந்தின் மையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பந்தின் விட்டத்தால் வகுத்து, அதில் 1-ஐக் கழிக்க வேண்டும்.

வெள்ளை 1 மீட்டர் தள்ளி நின்றால், சுமார் 16.5 மடங்கு. 1.6-ஐ 16.5-ஆல் வகுத்தால் 0.1 டிகிரி. ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு! இதுதான் உங்க பார்ட்னருக்கு இருக்கும் இடம்.

அதே வெள்ளை 30 செ.மீ. தள்ளி நின்றால் சுமார் 4.2 மடங்குதான். அனுமதிக்கப்பட்ட தப்பு கிட்டத்தட்ட 0.4 டிகிரி. பாக்கெட் அதேதான், பந்து அதேதான், ஆளும் அதே ஆள். நீங்க வெள்ளையை 70 செ.மீ. கிட்டே கொண்டுவந்து வைத்ததால் அவர் ஷாட் நான்கு மடங்கு சுலபமாகிவிட்டது.

நேராக இல்லாமல் சாய்த்து வெட்ட வேண்டிய ஷாட் என்றால் இன்னும் மோசம். 1 மீட்டர் தூரத்தில் 60 டிகிரி வெட்டு என்றால் தப்பு சுமார் 34 மடங்கு பெரிதாகும். இடம் 0.05 டிகிரியாகச் சுருங்கும்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரே வரியில்: உங்க அவுட்புட்தான் அவருடைய டாலரன்ஸ்.

இதோடு மனுஷன் சம்பந்தப்பட்ட விஷயங்களும் உண்டு. பார்ட்னர் இடதுகைக்காரர் என்றால் உங்களுக்கு எட்டும் இடம் அவருக்கு எட்டாது, உங்களுக்கு எட்டாத இடம் அவருக்குச் சுலபம். உயரம் குறைந்தவர் என்றால் டேபிள் நடுவில் வெள்ளையை விட்டால் அவர் எம்பிப் படுத்து அடிக்க வேண்டும். ஒருத்தருக்கு நீள ஷாட் பிடிக்கும், இன்னொருத்தர் மெல்லிய வெட்டில் கில்லாடி. இதெல்லாம் தெரியாமல் "நல்ல பொசிஷன்" என்று ஒன்று கிடையவே கிடையாது. யாருக்கு நல்லது என்று கேட்க வேண்டும்.

5. ஒற்றையா இரட்டையா

இன்னொரு சின்னக் கணக்கு. டேபிளில் 5 பந்து மிச்சம், இப்போது உங்க முறை. ஒரு ஷாட்டுக்கு ஒரு பந்து என்று போனால் 1, 3, 5-ஆவது ஷாட் உங்களுக்கு. அதாவது 9-ஐப் போடுவது நீங்க. 4 பந்து மிச்சம் என்றால் 9 பார்ட்னருக்கு.

பிரேக்கிலேயே இது ஆரம்பமாகிவிடும். நீங்க உடைக்கிறீங்க, ஒரு பந்து விழுகிறது. மிச்சம் 8, அடுத்த ஷாட் பார்ட்னர். 9 உங்களிடம் வரும். பிரேக்கில் இரண்டு விழுந்தால் மிச்சம் 7, 9 பார்ட்னரிடம் போகும்.

இதனால் என்ன பயன்? டேபிளைப் பார்த்ததும் "6-ஆவது பந்து குஷனோடு ஒட்டிக்கிட்டு இருக்கு, அது யார் தலையில் விழும்?" என்று முதலிலேயே சொல்லிவிடலாம். அது பார்ட்னருக்கு வராத ஷாட் என்றால், இப்போதே வழியைத் தேடலாம். ஒரே ஷாட்டில் இரண்டு பந்து விழ வைத்து முறையை மாற்றலாம். அல்லது போடவே முயற்சிக்காமல் எதிரணிக்கு ஒன்றும் தெரியாதபடி வெள்ளையை ஒளித்து வைக்கலாம். அதற்கு சேஃப்டி என்று பெயர். அவர்கள் ஃபவுல் செய்தால் பால் இன் ஹேண்ட் கிடைக்கும், ஆனால் அதையும் அடிக்கப் போவது உங்க பார்ட்னர்தான். சேஃப்டி வைக்கும்போதும் அவருக்காகத்தான் வைக்கிறீங்க.

6. ஒரு ஆள் கெட்டிக்காரராக இருந்தால் போதுமா?

இனி வரும் எண்கள் யாரையும் அளந்து எடுத்தவை இல்லை. புரிவதற்காக நானே எடுத்துக்கொண்டவை. கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்க.

ஒரு ஆட்டக்காரர் ஒவ்வொரு ஷாட்டையும் போடும் வாய்ப்பு 0.98 என்று வைப்போம். அவர் தனியாக ஆடினால் 9 பந்தையும் வரிசையாகப் போடும் வாய்ப்பு, 0.98-ஐ ஒன்பது தடவை பெருக்கினால், 83%. சூப்பர் ஸ்டார்.

இப்போது அவருக்கு ஒரு பார்ட்னர். பார்ட்னரின் வாய்ப்பு 0.90. ஸ்டார் ஆரம்பித்தால் அவருக்கு 5 ஷாட், பார்ட்னருக்கு 4. பெருக்கினால் 59%. 83-லிருந்து 59! பார்ட்னர் ஒன்றும் மோசமில்லை, பத்தில் ஒன்பது போடுகிறார். அப்படியும் இந்த நிலைமை.

இங்கே ஸ்டார் என்ன நினைப்பார்? "அவனால்தான் போச்சு." நம்மில் பல பேர் ப்ராஜெக்ட் டீமைப் பற்றி நினைப்பதும் இதைத்தான்.

ஆனால் ஸ்டார் கையில் ஒரு வழி இருக்கிறது. அவர் பார்ட்னருக்கு வசதியாக வெள்ளையை வைக்க ஆரம்பிக்கிறார். பார்ட்னரின் 0.90, 0.95 ஆகிறது. இதற்கு ஒரு விலை உண்டு. பொசிஷனையும் கவனிக்க வேண்டியிருப்பதால் ஸ்டாரின் சொந்த ஷாட் கொஞ்சம் கஷ்டமாகிறது, அவருடைய 0.98, 0.96 ஆகக் குறைகிறது. மறுபடி பெருக்குங்க. 66%.

ஸ்டாரின் தனிப்பட்ட கணக்கு மட்டும் பார்த்தால் அவர் முன்பைவிட அதிகம் தப்புகிறார். ஸ்கோர் ஷீட்டில் அவர் பெயர் கொஞ்சம் கீழே இறங்கும். ஆனால் ஜோடி 59-லிருந்து 66-க்குப் போகிறது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு இந்தப் பெருக்கலைப் போட்டுவிட்டு ரொம்ப நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

7. கார்டிஃப், பிறகு பூசான்

மேலே சொன்ன புஸ்தமாந்தே 2002 ஜூலையில் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் உலக 9-பால் சாம்பியன்ஷிப் ஆடிக்கொண்டிருந்தார். ஒற்றையர் போட்டி. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஊரிலிருந்து செய்தி வந்தது. அவருடைய கைக்குழந்தை, மகள், இறந்துவிட்டாள். அவர் போட்டியில் தொடர்ந்தார். ஃபைனல் வரை வந்தார். அமெரிக்காவின் எர்ல் ஸ்டிரிக்லண்டிடம் 17–15 என்று தோற்றார். 32 ரேக் ஆடி, இரண்டே ரேக் வித்தியாசம்.

அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று எழுதுவதற்கு 21 வயதில் எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை தென் கொரியாவின் பூசானில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள். புஸ்தமாந்தே அங்கே 9-பால் இரட்டையர் ஆடினார், பார்ட்னர் அந்தோனியோ லினிங். ஜோடி தங்கம் வென்றது. பாங்காக்கில் வில்லனுவேவாவும் வாலேயும் வாங்கிய அதே தங்கம், நான்கு வருஷம் கழித்து மறுபடியும் பிலிப்பைன்ஸுக்கு. பூசானில் அந்த நாட்டுக்குக் கிடைத்த மூன்று தங்கங்களில் ஒன்று அது.

புஸ்தமாந்தேயின் பெயரைத் தேடினால் அவருடைய இடி மாதிரியான பிரேக்கைப் பற்றித்தான் முதலில் படிப்பீங்க. 2010-ல் தோகாவில் கடைசியாக உலக 9-பால் ஒற்றையர் பட்டத்தையும் வாங்கிவிட்டார். ஆனால் எனக்கு அவர் கதையில் நிற்கும் இடம் பூசான்தான். கார்டிஃபில் நாற்காலிக்கும் டேபிளுக்கும் நடுவே தனியாக நடந்தவர், மூன்று மாசத்துக்குள் பக்கத்தில் இன்னொருத்தரை வைத்துக்கொண்டு நடக்கிறார்.

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 2010 குவாங்சோவுக்குப் பிறகு கியூ ஸ்போர்ட்ஸைப் பார்க்க முடியவில்லை. 2014, 2018, 2022 மூன்றிலும் இல்லை. அதனால் நம் வயசுக்காரர்கள் பலருக்கு இப்படி ஒரு தங்கம் இருந்ததே தெரியாது.

8. என் ரிவியூ

இப்போது என் கதை. எங்க ப்ராஜெக்ட் மோட்டார் அதிர்வை சென்சாரால் அளந்து பேரிங் பழுதாவதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது. டீமில் இரண்டு பேர். சென்சார், கோட் எல்லாம் நான். முடிவுகளைத் தொகுத்து பேனல் முன்னால் விளக்குவது என் பார்ட்னர்.

முதல் ரிவியூவுக்கு முந்தின நாள் எனக்கு வேறு ஊரில் ஒரு இன்டர்வியூ. ராத்திரி பஸ் ஏறுவதற்கு முன்னால் உட்கார்ந்து, சாம்ப்ளிங் ரேட்டை மாற்றி, கிராஃப் எல்லாம் புதுசாக எடுத்து, 'ஃபைனல் 2 புதுசு' என்று ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். ரிசல்ட் முன்பைவிட நன்றாக வந்திருந்தது. பஸ்ஸில் சந்தோஷமாகத் தூங்கினேன்.

மறுநாள் பேனலில் முதல் கேள்வியே சாம்ப்ளிங் ரேட் என்ன, ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீங்க என்பதுதான். அவன் பழைய எண்ணைச் சொன்னான். ஸ்கிரீனில் புது கிராஃப். இரண்டும் ஒத்துப்போகவில்லை. "சொந்தமாகச் செய்த ப்ராஜெக்ட்தானா இது?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் பதில் சொல்லாமல் நின்றிருக்கிறான்.

நான் திரும்பி வந்ததும் முதலில் கேட்டது, "ஏன்டா, ஒரு நம்பர்கூடச் சொல்லத் தெரியலையா?" என்றுதான். அவன் கத்தவில்லை. "மாத்தினத ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம்லடா" என்று மட்டும் சொன்னான். அப்புறம் நான்கு நாள் நாங்கள் பேசவில்லை. ஒரே ரூம், பேச்சு இல்லை.

அந்த நான்கு நாளில்தான் சும்மா வீடியோ பார்த்துக்கொண்டு பூல் இரட்டையரில் போய் விழுந்தேன். ஒரு ஆட்டக்காரர் அருமையாக ஒரு பந்தைப் போட்டார், கூட்டம் கைதட்டியது. வெள்ளைப் பந்து உருண்டு போய் இன்னொரு பந்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அவருடைய பார்ட்னர் எழுந்து வந்து டேபிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அடிக்க ஒன்றுமே இல்லை. அவர் தப்பினார். ஸ்கோரில் தப்பு அவர் பெயரில்.

அந்த ராத்திரிதான் 6-ஆம் பகுதியில் இருக்கும் பெருக்கலைப் போட்டேன். நான் என்னை 0.98 என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கலாம். ஆனால் அவனை 0.90 ஆக்கியது, ஏன், அன்றைக்கு 0 ஆக்கியது, நான் விட்டுவிட்டுப் போன டேபிள். பத்து நிமிஷம் செலவு செய்து, என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன், யாராவது கேட்டால் என்ன சொல்லணும் என்று நாலு வரி எழுதியிருந்தால் போதும். அதற்காக ஒரு கிராஃப் குறைந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

காலையில் மெஸ்ஸில் போய் அவன் எதிரே உட்கார்ந்தேன். "தப்பு என்னுதுடா" என்றேன். "தெரியும்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "சட்னி வாங்கிட்டு வா" என்றான். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது ராத்திரி வேலையை நிறுத்துவதற்கு முன்னால் ஒரு ஃபைலில் நாலு வரி எழுதுகிறோம். யார் நிறுத்துகிறோமோ அவர். அந்த ஃபைலுக்கு அவன் வைத்த பெயர் 'வெள்ளைப் பந்து'. இரண்டாவது ரிவியூ இந்த இதழ் வெளியாகும் வாரத்தில். என்ன ஆகும் என்று தெரியாது. ஆனால் இந்த முறை சாம்ப்ளிங் ரேட்டைக் கேட்டால் இரண்டு பேரும் ஒரே எண்ணைச் சொல்வோம்.

9. செய்து பாருங்க

படித்ததோடு விட்டுவிட்டால் நாளைக்கு மறந்துவிடும். அதனால் மூன்று பயிற்சி.

ஒன்று: காமன் ரூம் கேரமில் இன்றைக்கே மாறி மாறி அடிக்கும் விதியைப் போட்டு ஒரு போர்டு ஆடுங்க. ஆட்டம் முடிந்ததும் பார்ட்னரிடம், "நான் உனக்கு விட்டதில் ரொம்பக் கஷ்டமான காய் எது?" என்று கேளுங்க. பதில் ஆச்சரியமாக இருக்கும்.

இரண்டு: 4-ஆம் பகுதிச் சூத்திரத்தை வைத்து, வெள்ளைப் பந்து 60 செ.மீ. தள்ளி இருந்தால் நேரான ஷாட்டில் எத்தனை டிகிரி தப்பு தாங்கும் என்று கண்டுபிடியுங்க. விடை 0.17-க்குப் பக்கத்தில் வந்தால் சரி.

மூன்று: உங்க ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் திறங்க. இன்றைக்கு ராத்திரி உங்களுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால், பார்ட்னர் நாளைக் காலையில் அதைத் திறந்து எங்கிருந்து ஆரம்பிப்பார்? அந்த இடத்தில் நாலு வரி எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போங்க.